காத்தவர் கையில் வாழும் அழகு
(பிரான்ஸ் நாட்டின் எழில் நகரங்களும் இயற்கைக் காட்சிகளும்)

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

விடுமுறை என்ற சொல்லைக் கேட்டதுமே நம் உள்ளம் சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கிவிடுகிறது. கடல் கடந்து செல்லப் பணம் வேண்டும், கடவுச்சீட்டும் வேண்டும். ஆனால் நிலப்படத்தில் பயணம் செய்ய ஒரு விரலே போதும். அந்த விரலை இன்று பிரான்ஸ் நாட்டின் மேல் வைப்போம். அன்புத் தோழியரே, எங்களோடு நீங்களும் வாருங்கள்!

பிரான்ஸ் நாடு ஏறத்தாழ ஆறு பக்கங்கள் கொண்ட வடிவில் அமைந்துள்ளது. அதனால் அந்நாட்டு மக்கள் தம் நாட்டை 'அறுகோணம்' என்றே செல்லமாக அழைக்கின்றனர். வடமேற்கே ஆங்கிலக் கால்வாய், மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல், தென்கிழக்கே மத்தியதரைக் கடல். கிழக்கே ரைன் ஆறும் வோஸ், ஜூரா, ஆல்ப்ஸ் மலைகளும், தெற்கே பிரனீஸ் மலைத் தொடரும் எல்லைகளாக நிற்கின்றன. கடல், ஆறு, மலை, சமவெளி எனப் பல்வகை நிலங்களும் ஒரே நாட்டில் அமைந்திருப்பதால் உலகிலேயே மிகுதியான சுற்றுலாப் பயணிகள் செல்லும் நாடாக அது விளங்குகிறது. அந்நாட்டின் மக்கள்தொகை ஏழு கோடிக்கும் குறைவு. ஆனால் 2024ஆம் ஆண்டில் அங்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 10 கோடிப் பேர்.

பாரிஸ் நகரையும் ஈஃபில் கோபுரத்தையும் பற்றி நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஆகவே அவற்றை இன்று விட்டுவிடுவோம். வடமேற்கில் புறப்பட்டு, கடிகார முள் சுற்றும் திசையிலே அறுகோணத்தைச் சுற்றி, தென்மேற்கில் முடிப்போம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கேள்வியைக் கேட்போம்: இந்த அழகு இன்றுவரை எப்படி நிலைத்தது? தானாகவே நின்றதா, யாரேனும் காத்தார்களா?

1. கடல் திரும்பி வந்த மலை: மோன் சேன் மிஷேல்

நார்மண்டிக் கடற்கரையில் பரந்த விரிகுடா ஒன்றின் நடுவே ஒரு பாறை தனித்து எழுந்து நிற்கிறது. பாறையின் அடியிலே மதில். மதிலுக்குள் வளைந்து ஏறும் ஒரு தெரு. தெருவுக்கு மேலே துறவியர் மடம். மடத்துக்கு மேலே ஆலயம். ஆலயக் கோபுரத்தின் உச்சியில் பொன்னிறத்தில் மிக்கேல் அதிதூதர்! இதுவே மோன் சேன் மிஷேல், அதாவது புனித மிக்கேல் மலை.

708ஆம் ஆண்டில் அவ்ராஞ்ச் நகரின் ஆயர் ஓபேர் என்பவரின் கனவில் அதிதூதர் தோன்றி, இங்கே ஓர் ஆலயம் எழுப்பும்படி பணித்தார் என்பது மரபு. 966ஆம் ஆண்டில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் இங்குக் குடியேறினர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இந்தப் புனித இடம் சிறைச்சாலையாக மாற்றப்பட்டு, 1863 வரை அவ்வாறே இருந்தது என்பதை அறியும்போது நம் மனம் கனக்கிறது.

இங்குள்ள கடலின் ஏற்ற இறக்கம் வியப்பானது. சில நாட்களில் நீர்மட்டம் ஏறத்தாழ 14 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரம், ஏறி இறங்கும். நீர் வடிந்தால் சுற்றிலும் மணல்வெளி. பொங்கினால் நடுவே தீவு! ஆனால் 1879இல் கரையிலிருந்து பாறைவரை ஒரு திண்மையான கரைச்சாலை போடப்பட்டது. பயணிகளுக்கு வசதி கிடைத்தது. ஆனால் நீரோட்டம் தடைப்பட்டது. ஆண்டுதோறும் சேறு படிந்து, புல்வெளி மெல்ல மெல்லப் பாறையை நெருங்கியது. இப்படியே விட்டால் தீவு தீவாக இராது என்று அறிஞர்கள் எச்சரித்தனர்.

பிரெஞ்சு மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விரிகுடாவில் கலக்கும் குவெனோன் ஆற்றின் முகத்துவாரத்தில் 2009இல் ஒரு தடுப்பணையை இயங்கச் செய்தனர். கடல் பொங்கும்போது அது நீரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். கடல் வடிந்தபின் அந்நீரை வேகமாகத் திறந்துவிடும். அந்த வேகத்தில் சேறு கடலுக்கு அடித்துச் செல்லப்படும். 2014இல் கால்கள் மீது நிற்கும் ஒரு மெல்லிய பாலம் திறக்கப்பட்டது. பழைய கரைச்சாலை அகற்றப்பட்டது. வண்டிகள் நிறுத்துமிடம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிலப்பரப்புக்கு மாறியது. இன்று பெரும் ஏற்ற நாட்களில் கடல் மீண்டும் மலையைச் சூழ்கிறது. தாமே கட்டியதைத் தாமே இடிக்கவும் ஒரு துணிவு வேண்டுமல்லவா?

2. இடிபடாமல் பிழைத்த தெருக்கள்: கோல்மார்

இனி வடபகுதியின் குறுக்கே நெடுந்தொலைவு சென்று, ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய அல்சாஸ் மாநிலத்தை அடைவோம். வோஸ் மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள் வரிவரியாகப் படர்ந்திருக்கின்றன. 1953இல் வகுக்கப்பட்ட ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளமுள்ள 'திராட்சை இரசப் பாதை' இத்தோட்டங்களின் ஊடே சிற்றூர்களை இணைத்துச் செல்கிறது. அவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்குவது கோல்மார் நகரம்.

மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் எழுப்பி, மஞ்சளும் நீலமும் இளஞ்சிவப்புமாக வண்ணம் பூசிய பழைய வீடுகள்; சன்னல்தோறும் பூந்தொட்டிகள்; வீடுகளின் காலடியிலே ஓடும் சிற்றாறு. இந்தப் பகுதிக்கு 'சின்ன வெனிஸ்' என்று பெயர். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்தோல்டி, 1834இல் பிறந்தது இந்நகரில்தான்.

இவ்வீடுகள் பல, ஒரு காலத்தில் இருண்டு சிதைந்து, வாழத் தகாத நிலையில் கிடந்தன. இடித்துத் தள்ளிப் புதிய கட்டடம் எழுப்புவதே அக்காலத்தில் எளிய வழியாகத் தோன்றியது. அந்நிலையில் 1962இல் பிரான்ஸ் அரசு பழைய நகர்ப்பகுதிகளை முழுமையாகக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. ஒரு கோயிலை மட்டும் காத்தால் போதாது, அதைச் சூழ்ந்த தெருவையும் காக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. கோல்மாரின் தோல் பதனிடுவோர் தெருக்கள் 1968 முதல் 1974 வரை செப்பனிடப்பட்டு இன்று புதுப்பொலிவுடன் திகழ்கின்றன.

இந்நகரில் சாமிநாதர் சபைக் கன்னியர் வாழ்ந்த பழைய மடம் ஒன்று இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே ஓவியர் குருநேவால்டு 1512க்கும் 1516க்கும் இடையே தீட்டிய பீட ஓவியத்தைக் காணலாம். பூஞ்சை பிடித்த ரை தானியத்தை உண்டதால் உடல் எரிந்து புண்பட்ட நோயாளிகளைப் பேணிய துறவியர் மருத்துவமனைக்காக வரையப்பட்ட ஓவியம் அது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலெங்கும் புண்கள். 'உங்கள் வேதனையை நானும் சுமக்கிறேன்' என்று அந்நோயாளிகளுக்குச் சொல்லாமல் சொல்லும் ஓவியம்!

அல்சாஸ் வீட்டுக் கூரைகளில் கூடு கட்டும் பறவை எது தெரியுமா? சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது விட்ட அதே செங்கால் நாரைதான். ஈரப் புல்வெளிகள் வற்றியதாலும், வலசை செல்லும் வழியில் நேர்ந்த இன்னல்களாலும் 1974இல் அல்சாஸில் பத்துக்கும் குறைவான நாரை இணைகளே எஞ்சின. மக்கள் விழித்துக்கொண்டு, 1976இல் உனவீர் என்ற சிற்றூரில் நாரை வளர்ப்பு நிலையம் தொடங்கினர். இன்று நூற்றுக்கணக்கான இணைகள் அக்கூரைகளை அலங்கரிக்கின்றன.

3. ஒரு மருத்துவரின் குரல்: அன்னசி ஏரி

அல்சாஸிலிருந்து தெற்கே இறங்கினால் ஆல்ப்ஸ் மலைகளின் மடியில் அன்னசி நகரம் நம்மை வரவேற்கிறது. நகரின் வாசலிலேயே 14 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நீல ஏரி. அதிலிருந்து புறப்படும் தியூ என்ற ஆறு நகரின் நடுவே பாய்கிறது. ஆற்றின் மத்தியில் கப்பல் போன்ற வடிவில் ஒரு பழைய கற்கட்டடம் நீரைக் கிழித்துக்கொண்டு நிற்பதுபோல் தோன்றுகிறது. அதுவும் முன்னாளில் சிறைச்சாலையே.

இந்நகர் நமக்கு அந்நியமானதன்று. எழுத்தாளர்களின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியார் ஆயராக வாழ்ந்த இடம் இது. 1610இல் அவரும் புனித யோவன்னா சாந்தால் அம்மையாரும் மினவுதல் சபையைத் தோற்றுவித்ததும் இங்கேதான். இருவரின் திருவுடல்களும் ஏரியைப் பார்த்த குன்றின் மேலுள்ள பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளன.

இந்த ஏரி 1950களில் சாகத் தொடங்கியது என்றால் நம்புவீர்களா? கரையிலிருந்த ஊர்களின் கழிவுநீர் அனைத்தும் அதில் கலந்தது. நீர் கலங்கியது, மீன்வளம் குன்றியது. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏரி அழகாகவே தெரிந்தது. மருத்துவரும் நீர்மூழ்கியுமான போல் லூயி செர்வெத்தாஸ் என்பவரோ அபாயத்தை உணர்ந்து ஊர்தோறும் எடுத்துரைத்தார். 1957இல் கரையோர ஊராட்சிகள் ஒன்றிணைந்தன. ஏரியைச் சுற்றிலும் பெரிய குழாய் பதித்து, கழிவுநீரை ஏரிக்குள் விடாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு சென்றனர். செலவு பெரிது, பலனோ மண்ணுக்கடியில் மறைந்திருப்பது. ஆயினும் மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். இன்று ஐரோப்பாவின் மிகத் தூய்மையான ஏரிகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. நகருக்குக் குடிநீரும் தருகிறது.

4. உருகும் பனிக்கடல்: ஷமோனி

அன்னசியிலிருந்து கிழக்கே மலைப்பாதையில் சென்றால் ஷமோனிப் பள்ளத்தாக்கு. தலை நிமிர்ந்து பார்த்தால் மோன் பிளான், அதாவது 'வெண்மலை'! ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தில் 1786இல் பால்மா, பக்கார் என்ற இருவர் முதன்முதலில் ஏறினர். 1808இல் மரி பரடீஸ் என்ற இவ்வூர்ப் பணிப்பெண் உச்சியை அடைந்து, அங்கு ஏறிய முதல் பெண் என்ற புகழைப் பெற்றார். மாணவியராகிய நமக்கு இது பெருமையல்லவா?

இங்கிருந்து 1909 முதல் ஓடும் சிறு மலை இரயிலில் ஏறினால் 'பனிக்கட்டிக் கடல்' எனப்படும் பனிப்பாற்றைக் காணலாம். பிரான்சின் மிக நீண்ட பனிப்பாறு அது. முன்னாளில் பயணிகள் நிலையத்தின் அருகிலேயே பனியைத் தொட முடிந்தது. பூமி வெப்பமடைவதால் பனி ஆண்டுதோறும் உருகித் தாழ்ந்தது. பனிக்குகையை அடைய ஏணிப்படிகளைக் கூட்டிக்கொண்டே போய், 500க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியதாயிற்று. எந்த ஆண்டில் பனி எந்த உயரத்தில் இருந்தது என்று வழியில் பலகைகள் வைத்துள்ளனர். ஒவ்வொரு பலகையும் ஒரு கண்ணீர்த் துளி போலத் தோன்றுகிறது. 2024இல் பாற்றின் மேற்பகுதிக்குப் புதிய கம்பிவட வண்டி அமைத்தனர். மனிதன் பனியைத் துரத்திக்கொண்டு போகிறான், பனியோ பின்வாங்குகிறது.

ஓர் ஏரியை அதன் கரையோர ஊர்கள் காத்துவிட்டன. ஆனால் ஷமோனி மக்கள் மட்டும் எவ்வளவு முயன்றாலும் இந்தப் பனியைக் காக்க முடியாது. அதற்கு உலகம் முழுவதும் கைகோக்க வேண்டும்.

5. கால்தடங்களால் தேய்ந்த கரை: கலாங்க்

பனியை விட்டு வெயிலுக்குச் செல்வோம். ஆல்ப்ஸுக்குத் தெற்கே உள்ள புரோவான்ஸ் பகுதியில் சூன் இறுதி முதல் சூலை நடுப்பகுதி வரை வலன்சோல் மேட்டுநிலம் முழுவதும் ஊதாநிற லாவெண்டர் பூக்கள் மணம் பரப்பும். கோர்து என்ற மலையூருக்கு அருகே பள்ளத்தாக்கில் 1148இல் நிறுவப்பட்ட செனாங்க் துறவு மடத்தின் முன்னும் அப்பூக்கள் வரிவரியாக மலர்கின்றன.

இன்னும் தெற்கே மார்செய் நகருக்கும் கசீஸ் ஊருக்கும் இடையே வெண்சுண்ணப் பாறைகள் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகின்றன. பாறைகளின் இடுக்குகளில் பச்சையும் நீலமும் கலந்த கடல் விரல் விரலாக உள்ளே நுழைகிறது. இவற்றையே கலாங்க் என்பர். 1910ஆம் ஆண்டிலேயே இங்கு வந்த கல் குவாரியை எதிர்த்து மக்கள் திரண்டனர். 2012இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. அழகைக் காண வந்தவர்களின் கால்களே அழகைத் தேய்த்தன! சுஜித்தோன் என்ற சிறு கடற்கரைக்கு ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்தனர். மண் சரிந்தது, பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. எனவே 2022 கோடை முதல், முன்பதிவு செய்த 400 பேருக்கு மட்டும் ஒரு நாளில் அனுமதி என விதித்தனர். கட்டணம் ஏதுமில்லை, கட்டுப்பாடு மட்டுமே உண்டு.

6. கோட்டையும் கால்வாயும்: கர்க்கசோன்

இங்கிருந்து மேற்கே மத்தியதரைக் கடலோரமாகச் சென்று உள்நாடு புகுந்தால், குன்றின் மேல் இரட்டை மதில்களும் 52 கோபுரங்களும் கொண்ட கர்க்கசோன் கோட்டை கண்ணில் படும். கதைப் புத்தகத்துப் படம் உயிர் பெற்றதோ என்று திகைப்போம்.

இக்கோட்டையை இடித்துவிட 1849இல் அரசு முடிவு செய்தது. கற்களைப் பெயர்த்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. உள்ளூர் வரலாற்று ஆசிரியர் குரோ மெரவியேயும் எழுத்தாளர் மெரிமேயும் எதிர்த்துக் குரல் கொடுத்துக் காப்பாற்றினர். 1853 முதல் கட்டடக் கலைஞர் வியோலே லெ துயுக் அதனைச் சீரமைத்தார். கூரான கூரைகள் இப்பகுதிக்கு உரியவை அல்ல என்று பலர் குறை கூறினர். மதில்களுக்கு இடையே குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகள் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. பழமையைக் காப்பதில் யாருடைய வீடு பறிபோகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

கோட்டைக்கு அருகிலே மிதி கால்வாய் அமைதியாகச் செல்கிறது. உப்பு வரி அதிகாரியான பியேர் போல் ரிக்கே, 1666இல் தொடங்கி 240 கிலோமீட்டர் நீளத்துக்கு இதனை வெட்டுவித்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளருள் பெண்களும் பலர். தம் சொத்தையே இதற்குச் செலவிட்ட ரிக்கே, 1681இல் கால்வாய் திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனார். இரு கரைகளிலும் நிழல் தந்த ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்களை 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் தாக்கியது. பல ஆயிரம் மரங்களை வெட்ட நேர்ந்தது. இப்போது பலவகை மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். நடுபவர்கள் அவற்றின் முழு நிழலைக் காணமாட்டார்கள். அவர்தம் பேரப்பிள்ளைகள் காண்பார்கள்.

7. அருவியும் கெபியும்: கவார்னி, லூர்து

கடைசியாகத் தென்மேற்கே பிரனீஸ் மலை. அங்கே கவார்னி என்ற இடத்தில் இயற்கையே வட்டமாக எழுப்பிய மாபெரும் பாறைச் சுவர் நிற்கிறது. அதன்மேலிருந்து ஏறத்தாழ 420 மீட்டர் உயரத்திலிருந்து அருவி வீழ்கிறது. 1967 முதல் இம்மலைப்பகுதி தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது.

இங்கே பிறக்கும் போ ஆறு எங்கே செல்கிறது தெரியுமா? லூர்து நகரில் மசபியேல் கெபியின் முன்னே ஓடுகிறது! 1858இல் அக்கெபியில் நம் அன்னை பெர்னதெத் என்ற சிறுமிக்குப் பதினெட்டு முறை காட்சி தந்தார். அப்போது பெர்னதெத்தின் வயது பதினான்கு; நம்மைவிட ஓர் ஆண்டு இளையவர். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் நாம் வணங்கும் லூர்தன்னையின் சொரூபமும் 1877இல் பிரான்சிலிருந்து வந்ததே.

2013 சூன் மாதம் அந்த ஆறு பெருக்கெடுத்துக் கெபியையே மூழ்கடித்தது. தொண்டர்கள் திரண்டு வந்து சேற்றை அகற்றினர். திருப்பயணிகள் மீண்டும் மெழுகுதிரி ஏந்தினர்.

பயணிகளுக்குச் சில குறிப்புகள்

சூலை, ஆகஸ்டு மாதங்கள் அந்நாட்டினருக்கும் விடுமுறைக் காலம், எங்கும் நெரிசல். மே, சூன், செப்டம்பர் மாதங்களே அமைதியாகக் காண ஏற்றவை. லாவெண்டர் பூக்களைக் காண விரும்புவோர் மட்டும் சூலையில் செல்லலாம். மோன் சேன் மிஷேல் செல்வோர் கடல் ஏற்ற அட்டவணையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதைமணல் உண்டாதலால் வழிகாட்டி இன்றி மணல்வெளியில் இறங்கலாகாது. கலாங்க் பகுதியில் காட்டுத்தீ அச்சம் மிகுந்த நாட்களில் வழியை அடைத்துவிடுவர். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டே எதையும் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் பண்பற்றவர் என்று எண்ணுவர்.

முடிவுரை

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கண்ட இடங்களில் எதுவும் தானாகவே நிலைத்து நிற்கவில்லை. ஏரிக்காக ஒரு மருத்துவர் பேசினார்; கோட்டைக்காக ஒரு வரலாற்று ஆசிரியர் எழுதினார்; நாரைக்காக ஒரு சிற்றூர் இடம் கொடுத்தது; கடலுக்கு வழிவிட ஒரு சாலையே விலகிக்கொண்டது. அவர்களில் பலர் பெரும் அதிகாரம் படைத்தவர்கள் அல்லர். கெட்டுப்போவதைக் கண்டபோது, 'நமக்கென்ன' என்று போகாமல் நின்றவர்கள், அவ்வளவே.

வருங்காலத்தில் நம்மில் சிலர் அந்நாட்டுக்குச் செல்லலாம். பலர் செல்லாமலும் இருக்கலாம். செல்பவர்கள் ஒரு பூவையும் பறிக்காமல், ஒரு காகிதத்தையும் எறியாமல், அடுத்து வருபவருக்கு அந்த அழகை முழுமையாக விட்டு வரவேண்டும். செல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. காக்கும் கண்களோடு பார்த்தால் நம் தெருவிலேயே காப்பாற்றக் காத்திருக்கும் அழகு ஒன்று நிச்சயம் உண்டு. அதைக் கண்டுபிடிப்போம், அதற்காகக் குரல் கொடுப்போம்.